தாய்வீடு இல்லாத பேறுகாலம்

நம் குடும்பங்களில் ஒரு பெண் தலைச்சன் பிள்ளையைக் கருத்தரித்திருக்கிறாள் என்ற செய்தி வந்த நாள் முதல் அந்த வீட்டின் நடையே மாறிவிடுகிறது. மாமியார் அவளைக் கனமான குடத்தைத் தூக்க விடுவதில்லை. அண்டை வீட்டார் புளிப்பு மாங்காய் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் பூட்டி, பிறந்த வீட்டார் வந்து அழைத்துச் செல்கிறார்கள். நள்ளிரவில் இடுப்பு நோவு கண்டால் "அம்மா" என்று ஒரு குரல் போதும். அடுத்த அறையில் விளக்கு எரியும், வாசலில் வண்டி வந்து நிற்கும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும் மனிதர்கள் இருக்கும் இடத்தைத்தான் நம் முன்னோர் தாய்வீடு என்றார்கள்.

அன்பு வாசகர்களே, அப்படிக் குரல் கேட்க ஒருவரும் இல்லாத ஓர் இடத்தில், வெளிப்புறம் பூட்டப்பட்ட கதவுக்குப் பின்னால், நிறைமாதமாய் ஒருத்தி இருப்பதை எண்ணிப் பாருங்கள். அவள் குற்றவாளியாக இருக்கலாம். குற்றம் சுமத்தப்பட்டு விசாரணைக்குக் காத்திருப்பவளாகவும் இருக்கலாம். எப்படியாயினும் அவள் வயிற்றில் வளரும் குழந்தையின்மீது எந்த வழக்கும் இல்லை. சிறையில் இருக்கும் கருவுற்ற பெண்ணையும் அவள் ஈன்றெடுக்கும் குழந்தையையும் பற்றியதே இக்கட்டுரை.

கார்த்தேஜ் நகரச் சிறையில்

இது திருச்சபைக்குப் புதிய கவலை அன்று. திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் குருவானவர் வாசிக்கும் புனிதர்களின் வரிசையில் பெலிசித்தா, பெர்பேத்துவா என்னும் இரு பெயர்களை நாம் கேட்டிருக்கிறோம். இவ்விருவரும் சிறையில் இருந்த தாய்மார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

கி.பி. 203-ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்ததற்காக இவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெர்பேத்துவா உயர்குடியில் பிறந்தவர். ஏறத்தாழ 22 வயது. கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா ஓர் அடிமைப் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. அந்தச் சிறையின் இருளையும், நெரிசலால் எழுந்த வெப்பத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் குழந்தையைப் பற்றிய வேதனையையும் பெர்பேத்துவா தம் கைப்படவே எழுதி வைத்தார். வெளியில் இருந்த கிறிஸ்தவர்கள் வாளாவிருக்கவில்லை. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்னும் இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகள் நாளில் சில மணி நேரமேனும் சிறையின் நல்ல பகுதியில் இருக்க வழி செய்தார்கள். அங்கேதான் பசியால் துவண்ட குழந்தைக்குப் பெர்பேத்துவா பாலூட்டினார்.

பெலிசித்தாவுக்குச் சிறையிலேயே பிரசவ வலி கண்டது. எட்டாம் மாதப் பிரசவம், கடுமையான நோவு. துடித்த பெண்ணைப் பார்த்து ஒரு காவலன் ஏளனம் செய்தான் என்று அவ்வரலாறு கூறுகிறது. அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அதன்பின் சில நாள்களில், மார்ச் 7 அன்று, தோழர்களுடன் வேதசாட்சியாக உயிர் துறந்தார். தாயற்ற அந்தப் பச்சிளங்குழந்தை என்னவாயிற்று? அங்கிருந்த கிறிஸ்தவப் பெண் ஒருவர் அதைத் தம் சொந்த மகளாக ஏற்று வளர்த்தார்.

ஏளனம் செய்த காவலன், பாலூட்ட வழி செய்த திருத்தொண்டர்கள், பிள்ளையை ஏற்ற பெண் ஆகிய மூவகையினரும் 1,800 ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் அவர்களுள் யார் என்பதே கேள்வி.

நம் நாட்டு நிலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 23,772 பேர். அதாவது நூற்றுக்கு நான்கு பேர். அவர்களில் 1,537 தாய்மார்கள் தம்முடன் 1,764 குழந்தைகளையும் வைத்திருந்தார்கள். இந்தத் தாய்மார்களுள் பெரும்பாலோர் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள்.

நூற்றுக்கு நான்கு பேர் என்னும் இந்தச் சிறுமைதான் பல துன்பங்களுக்கு வேர். சிறைச்சாலைகள் ஆண்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. விதிகளும் ஆண்களுக்காகவே எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் பெண்களுக்கெனத் தனிச் சிறைகள் உண்டு. ஆனால் நாடு முழுவதையும் நோக்கினால், பெண் கைதிகளுள் பெரும்பாலோர் ஆண்கள் சிறையின் ஒரு மூலையில் மதில் எழுப்பிப் பிரித்த பகுதியிலேயே வைக்கப்படுகிறார்கள். அங்கே பத்துப் பெண்கள் இருந்தால், கருவுற்றவள் ஒருத்தியாக இருப்பாள். அந்த ஒருத்திக்காக மகப்பேறு மருத்துவர் ஒருவரை நியமிக்க எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டியவை

கருவுற்ற தாய்க்கு வேண்டியவை எவை என்பதை நம் பங்கிலுள்ள செவிலியச் சகோதரியைக் கேட்டாலே சொல்லிவிடுவார். முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்தல், குறைந்தது நான்கு முறை மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்தல், இரணஜன்னித் தடுப்பூசி, 180 நாள்களுக்கு இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, நல்ல உணவு, மனநிம்மதி.

2019–21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். வெளியில் இருப்பவர்களின் நிலையே இதுவானால், வறுமையிலிருந்தும் வீட்டுக் கொடுமையிலிருந்தும் நேராகச் சிறைக்குள் வந்து சேரும் பெண்ணின் நிலை எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,100 கலோரி ஆற்றல் தரும் உணவு தேவை என்று 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு கூறுகிறது. ஆண் பெண் அனைவருக்கும் ஒரே அண்டாவில் பொங்கி, ஒரே அளவில் பகிரப்படும் சோற்றிலும் சாம்பாரிலும் அந்தக் கூடுதல் உணவு எங்கிருந்து வரும்? தனியாகப் பாலும் முட்டையும் கீரையும் கருவுற்றவளின் தட்டுக்கு வருகின்றனவா என்று யாரேனும் பார்த்தால்தான் வரும்.

சிறைக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தாய்மார்களின் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று மருத்துவ அறிஞர்கள் கூறுவார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். கிராமத்து ஏழைப் பெண்ணுக்காகச் சொல்லப்பட்ட இம்மூன்றும் சிறைப்பட்ட பெண்ணுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகின்றன. முடிவெடுப்பது அவள் கையில் இல்லை. தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது, பிள்ளை அசையவில்லை என்று அவள் சொன்னால், அதை நம்பும் மனம் காவலருக்கு இருக்க வேண்டும். போய்ச் சேருவது வழிக்காவல் போலீசாரும் வண்டியும் கிடைப்பதைப் பொறுத்தது. ஆள் இல்லை என்றால் அன்றைய பரிசோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். மருத்துவமனை சேர்ந்தபின்னும், "கைதி" என்ற சொல் அவளுக்கு முன்பாகவே படுக்கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பூட்டிய கதவும் பேற்று வலியும்

இத்தகைய அவலம் ஏழை நாடுகளில் மட்டுமே நேரும் என்று கருதிவிடலாகாது. மருத்துவ வசதியில் உயர்ந்த இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்கு அருகே உள்ள ஒரு பெண்கள் சிறையில், 2019 செப்டம்பர் மாதம் ஓர் இரவில் நடந்ததைக் கேளுங்கள்.

18 வயதுப் பெண் ஒருத்தி, தனி அறையில் அடைக்கப்பட்டிருந்தாள். அவளுக்கு அது முதல் கர்ப்பம். மாலை கடந்ததும் வலி தொடங்கிற்று. அறையில் இருந்த அழைப்பு மணியை அழுத்தி, செவிலியை அனுப்புமாறு கேட்டாள். ஒருவரும் வரவில்லை. மீண்டும் அழுத்தினாள், அப்போதும் ஒருவரும் வரவில்லை. இரவெல்லாம் தனியே துடித்து, துணைக்கு ஓர் உயிர் இன்றி, அந்தப் பூட்டிய அறையிலேயே பிள்ளை பெற்றாள். மறுநாள் காலை சக கைதிகள் பார்த்துச் சொன்ன பிறகே அதிகாரிகள் ஓடி வந்தார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

இதை ஆராய்ந்த அந்நாட்டுச் சிறைகளுக்கான முறைமன்ற நடுவர் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். சிறையில் உள்ள ஒவ்வொரு கர்ப்பத்தையும் ஆபத்து மிகுந்த கர்ப்பமாகவே கருத வேண்டும் என்பதே அது. அந்தப் பெண்ணுக்கு வேறு நோய் ஏதும் இல்லாவிட்டாலும், பூட்டிய கதவுக்குப் பின்னால் நெடுநேரம் இருக்கிறாள் என்ற ஒரே காரணமே அந்த ஆபத்துக்குப் போதும் என்றார் அவர்.

மணி இருந்தது, கம்பி இருந்தது, மறுமுனையில் ஆளும் இருந்தார். எழுந்து வரும் கால்கள் மட்டும் இல்லை. தாய்வீடு என்று நாம் எதைச் சொன்னோமோ அது அங்கே இல்லை.

கட்டிலும் கைவிலங்கும்

பேறுகாலத்தில் விலங்கு பூட்டும் கொடுமை பல நாடுகளில் நெடுங்காலம் இருந்து வந்தது. தப்பி ஓடிவிடுவாளாம்! பிரசவ வலியில் இருப்பவள் எந்த மதிலைத் தாண்டுவாள்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய அரசின் காவலில் உள்ள கருவுற்ற பெண்களுக்கு விலங்கிடுவதைத் தடுக்கும் சட்டம் 2018 டிசம்பரில்தான் வந்தது என்றால், இவ்வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

இதற்கு முன்பே, 2010 டிசம்பரில், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை பெண் கைதிகளுக்கான விதித்தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. பாங்காக் விதிகள் என்று அதற்குப் பெயர். அதன் 24-ஆம் விதி, பேற்று வலியின்போதும் பிரசவத்தின்போதும் பிரசவம் முடிந்த உடனேயும் பெண்ணுக்கு எவ்வகை விலங்கும் பூட்டலாகாது என்று விதிக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு இயன்றவரை சிறையல்லாத வேறு தண்டனையே வழங்க வேண்டும் என்று 64-ஆம் விதி அறிவுறுத்துகிறது.

நம் நாட்டில் கைவிலங்கை வழக்கமாகப் பூட்டுவது மனித மாண்புக்கு இழுக்கு என்று உச்ச நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. மருத்துவமனைக் கட்டிலோடு கைதிகளைப் பிணைத்து வைத்த நிகழ்ச்சி ஒன்று அசாமிலிருந்து அதன் கவனத்துக்கு வந்தபோது, 1995-இல் அதை வன்மையாகக் கண்டித்து, நீதிபதியின் அனுமதியின்றி எக்கைதிக்கும் விலங்கிடலாகாது என்று ஆணையிட்டது.

சட்டம் மறந்துவிடவில்லை

சிறைப்பட்ட தாய்மார்களைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட ஆணைகளுள் தலையாயது 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அந்நாள் தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு, ஆர்.டி. உபாத்யாய் தொடுத்த வழக்கில் அதை வழங்கியது. ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய சில கூறுகளை இங்கே தருகிறோம்.

கருவுற்ற பெண்ணை ஒரு சிறைக்கு அனுப்புமுன், அங்கே பிரசவத்துக்கும், அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய பராமரிப்புக்கும் குறைந்தபட்ச வசதிகளேனும் உண்டா என்பதை அதிகாரிகள் உறுதி செய்ய வேண்டும். சிறைக்கு வந்தபின் ஒருத்தி கருவுற்றிருப்பது தெரியவந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையில் அவளைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இயன்றவரை பிரசவம் சிறைக்கு வெளியே மருத்துவமனையில் நடைபெறும் வண்ணம், தற்காலிக விடுவிப்போ பரோலோ வழங்க வேண்டும். சிறையில் குழந்தை பிறந்தால் அப்பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பிறந்த இடம் சிறை என்று எழுதலாகாது. அப்பகுதியின் முகவரியை மட்டும் குறிக்க வேண்டும். பெயர் சூட்டும் சடங்குக்கு இயன்ற வசதிகளைச் செய்து தர வேண்டும்.

பெயர் சூட்டும் விழாவையும் நினைவில் கொண்ட அந்த நீதிபதிகளின் மனத்தைப் பாருங்கள்! பிற்காலத்தில் பள்ளியில் சேரும்போது, திருமணத்துக்கு ஓலை வாசிக்கும்போது, ஒரு காகிதத்தில் இருக்கும் ஒரு சொல் அந்தப் பிள்ளையின் தலையைக் குனிய வைக்கலாகாது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

பிணை வழங்குவதிலும் சட்டம் பெண்ணுக்கு இரங்கி இடம் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவு, கடும் குற்றச்சாட்டு உள்ள வழக்கிலும் பெண் என்ற காரணத்துக்காகப் பிணை வழங்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, போதைப்பொருள் வழக்கில் சிறையிலிருந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஆறு மாதத் தற்காலிகப் பிணை வழங்கியது. சிறைச் சூழலில் நிகழும் பிரசவம் தாயை மட்டுமன்றிக் குழந்தையையும் பாதிக்கும் என்பதை அது கருத்தில் கொண்டது.

மரண தண்டனை பெற்ற பெண் கருவுற்றிருந்தால், அத்தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தாக வேண்டும் என்பது அதே சட்டத்தின் 456-ஆம் பிரிவு. பெலிசித்தாவின் காலத்து உரோமைச் சட்டம் பிள்ளை பிறக்கும்வரை மட்டுமே பொறுத்திருந்தது. பிறந்ததும் தாயைக் கொன்றது. அந்தக் கொடுமையிலிருந்து சட்டம் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது.

ஆகவே, சட்டம் இல்லை என்று நாம் குறைகூற முடியாது. ஏட்டில் உள்ள சட்டம் அந்த ஒருத்தியின் அறைவரை நடந்து போவதற்குத்தான் கால்கள் இல்லை. தன் உரிமை இன்னதென்று அவளுக்குத் தெரியாது. அவளுக்காகக் கேட்கக் கணவனோ தாயோ வருவதில்லை. சிறைக்குப் போன ஆணைப் பார்க்க மனைவியும் தாயும் வாரந்தோறும் வரிசையில் நிற்பார்கள். சிறைக்குப் போன பெண்ணையோ, பல வேளைகளில், பெற்றவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

பிறந்த பின்

குழந்தை பிறந்துவிட்டால் துன்பம் முடிந்ததா? பிறந்தவுடன் தடுப்பூசிகள், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மீண்டும் தடுப்பூசிகள் என்று வெளியில் உள்ள பிள்ளைக்கு உரிய அனைத்தும் இப்பிள்ளைக்கும் உரியவை. தாய்க்குப் பிரசவத்துக்குப்பின் ஏற்படும் மனச்சோர்வு சிறையில் இன்னும் கடுமையாகலாம். காரணமின்றி அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மறுக்கிறாள் என்றால் அது திமிர் அன்று. மருத்துவம் தேவைப்படும் நோய் என்பதை உடனிருப்போர் உணர வேண்டும்.

2006 தீர்ப்பின்படி ஆறு வயது நிறையும்வரை பிள்ளை தாயோடு இருக்கலாம். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் காப்பகமும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு மழலையர் பள்ளியும் இருக்க வேண்டும். ஆயினும் சிறை சிறைதான். தாய்மாரோடு சிறையில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வை அத்தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. பெண்கள் பகுதியிலேயே வளர்ந்ததால் ஆண் பிள்ளைகளும் பெண்கள் தம்மைக் குறித்துப் பேசும் முறையிலேயே பேசினார்களாம். தாயோடு நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், தெருவில் திரியும் விலங்குகளைக் கண்டு அவர்கள் அஞ்சினார்களாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பேசத் தொடங்குமுன் பழகும் மாட்டையும் நாயையும் கண்டு நடுங்கும் ஒரு குழந்தை! அது செய்த குற்றம் என்ன?

ஆறு வயது நிறைந்தபின் பிள்ளை வெளியே போக வேண்டும். தாய் விரும்பும் உறவினரிடமோ, காப்பகத்துக்கோ அது அனுப்பப்படும். வாரம் ஒருமுறையேனும் தாயைக் காண வழி செய்ய வேண்டும் என்பது ஆணை. அந்தப் பிரிவு நாளில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வெளியே யாரேனும் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்தே அதன் எதிர்காலம் அமையும்.

ஒரு நியாயமான கேள்வி

"தவறு செய்தவளுக்கு இத்தனை கவனிப்பா? அவளால் கண்ணீர் வடித்த குடும்பத்துக்கு யார் இருக்கிறார்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. குற்றத்துக்கு இரையானவர்களின் கண்ணீரைத் துடைப்பதும் நம் கடமையே. ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று. நீதிமன்றம் ஒருத்திக்கு விதிப்பது சுதந்திர இழப்பை மட்டுமே. இரத்தசோகையையோ, கவனிப்பாரற்ற பிரசவத்தையோ, இறந்த குழந்தையையோ எந்த நீதிபதியும் தண்டனையாக எழுதுவதில்லை. எழுதாத தண்டனையை நம் அலட்சியம் எழுதிவிடலாகாது. கருவில் இருக்கும் உயிரின் மாண்பைப் பற்றி ஓயாது பேசும் நாம், அந்தக் கரு சிறை மதிலுக்குள் இருக்கும்போது மட்டும் மௌனமாய் இருப்பது முறையாகாது.

நாம் செய்யக்கூடியவை

இந்தியத் திருச்சபையில் சிறைப்பணி இயக்கம் 1981-இல் கேரளத்தில் குருத்துவ மாணவர்கள் சிலரிடையே அரும்பியது. இன்று நாடெங்கும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் அதில் பணியாற்றுகிறார்கள். ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறு. அன்று காணிக்கைத் தட்டில் நாணயம் இடுவதோடு நம் பங்கு முடிந்துவிடுவதில்லை.

நம் பங்கில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பெண்களும் காவலில் உள்ளவர்களும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். 15100 என்ற எண்ணை அழைத்தாலே வழி கிடைக்கும். பிணை கிடைத்தும் பிணைத்தொகை கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தில், விசாரணைக் கைதிகளும் அதற்கு உதவி பெற இடமிருக்கிறது. அதற்கான மனுவை எழுதித்தர எழுத்தறிந்த ஒருவர் போதும்.

நம் பங்கில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். சிறைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு மாதம் ஒரு நாள் சென்று இரத்த அழுத்தம் பார்க்கலாம். இரத்தத்தின் அளவைச் சோதிக்கலாம். ஆபத்தின் அறிகுறிகள் எவை என்று பெண் காவலர்களுக்கும் சொல்லித் தரலாம். காவலர்களை எதிரிகளாகக் கருத வேண்டா. அவர்களிலும் தாய்மார்கள் உண்டு. வழி தெரிந்தால் செய்வார்கள்.

மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருப்பவர்கள் பச்சிளங்குழந்தைக்கு வேண்டிய துணிகளும் போர்வையும் கொசுவலையும் சேகரித்து அதிகாரிகள் வழியாகக் கொடுக்கலாம். தாய் சிறைக்குப் போனபின் வீட்டில் தனித்து விடப்பட்ட மூத்த பிள்ளைகளைத் தேடிச் செல்லலாம். பிள்ளை நலமாய் இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினால், அது உள்ளே இருக்கும் கருவுற்ற தாய்க்கு எந்த மாத்திரையும் தராத தெம்பைத் தரும்.

எல்லாவற்றிலும் கடினமானது கடைசியில் வருவது. விடுதலையாகி, கையில் பிள்ளையோடு அவள் நம் தெருவுக்கு வருவாள். அன்று கதவைச் சாத்திக்கொள்ளாதிருப்பதும், குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க ஒரு பெண்மணி முன்வருவதும், "எங்கே பிறந்தது?" என்று எவரும் கேளாதிருப்பதும் பெரும் பணி. நீதிமன்றம் பிறப்புச் சான்றிதழிலிருந்து நீக்கிய சொல்லை நம் நாவு மீண்டும் எழுதிவிட வேண்டா.

இறுதி நாளில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுள், சிறையில் இருந்தவரைத் தேடிப் போனாயா என்பதும் ஒன்று என்று மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். 2024-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ், உரோமை ரெபிபியா பெண்கள் சிறைக்குச் சென்று பன்னிரண்டு பெண் கைதிகளின் பாதங்களைக் கழுவினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கழுவ வேண்டியிருந்த முதிர்ந்த வயதிலும் அவர் போனார். நம் ஊர்ச் சிறை அவ்வளவு தொலைவில் இல்லை.

கார்த்தேஜில் பெலிசித்தாவின் மகளைக் கையேந்தி வாங்கிக்கொண்ட பெண்ணின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர் எந்தப் பலிபீடத்திலும் நினைவுகூரப்படுவதில்லை. ஆனால் அன்றிரவு ஒரு குழந்தைக்குப் பால் கிடைத்தது. மரணத்தை எதிர்நோக்கிய ஒரு தாய்க்கு நிம்மதி கிடைத்தது. தாய்வீடு இல்லாத அந்தப் பேறுகாலத்துக்கு அவர் தாய்வீடானார். இன்றிரவும் எங்கோ ஒரு சிறையில், மாலை எண்ணிக்கை முடிந்து, கதவு பூட்டப்பட்டபின், ஒருத்தி தன் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் குரல் கொடுத்தால் யார் காதில் விழும்?